பத்தாவது குழாய்

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு நடந்துகொண்டிருந்தபோது, நான் படிக்கட்டில் குத்தவைத்துக் கைப்பிடிக் காலின் அடியை மூடியிருந்த வட்டக் கப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் மகள் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, பட்டுச்சேலையக் கெட்டிக்கிட்டு இங்கன உக்காந்து என்ன செய்யுத? பாக்குதவங்க என்ன நெனைப்பாங்க?"

"கப்பு ஆடுதுட்டி."

"ஆடுனா ஆடிட்டுப் போவுது. நீ ரிட்டயர் ஆயாச்சு. எந்திரி."

எழுந்தேன். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தும் கண் அந்தப் படிக்கட்டின் மேலேயே இருந்தது. எனக்கு இது வியாதி மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பேங்குக்குப் போனாலும் சரி, கைப்பிடியைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் கால் நகராது. ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் இன்னும் மோசம். ஊரே மழைக்காற்றைச் சந்தோஷமாக முகத்தில் வாங்கிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் எந்தப் படி நனைகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காரணம் ஒரு குழாய். மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அதைத் தப்பான ரகமென்று தெரியாமல் நல்ல ரகமென்று அடையாளம் போட்டு வைத்தவள் நான். பிறகு அது காணாமல் போய்விட்டது. எந்தப் படியில், எந்த ஈரத்தில் நிற்கிறதோ, யார் அதை நம்பிக் கையை ஊன்றுகிறார்களோ என்று தெரியாமலேதான் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

தென்காசியில் படிக் கைப்பிடி செய்கிற ஒரு எஸ்.எஸ். பட்டறையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவள் சுபா. கெட்டிக்காரி. பதினைந்து நாளுக்கு முன்னால் போன் செய்தாள்.

"அக்கா, புது மிஷின் வந்திருக்கு. துப்பாக்கி மாதிரி. குழாய் மேல வெச்சு அமுக்குனா ரெண்டு செகண்டுல எந்த ரகம்னு சொல்லிருது. வந்து பாருங்க. அப்படியே, மிஷின் இல்லாத காலத்துல நீங்க எப்பிடிப் பாத்தீங்கன்னு நாலு பக்கம் எழுதித் தாங்க. புதுப் பிள்ளைகளுக்குக் காட்டணும். அந்தக் காந்தக் கதையெல்லாம் எழுதுங்கக்கா."

காந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் மற்றதையும் எழுதத்தான் வேண்டும். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

நான் வாசுதேவநல்லூர்க்காரி. பிளஸ் டூவும் டைப்பும் முடித்துவிட்டு, பஸ்ஸில் வந்து போய் வேலை பார்க்கலாம் என்று அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். எவர்சில்வர் என்றால் கல்யாணச் சீர், பெயர் வெட்டின குடம், சம்படம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த எவர்சில்வரே குழாயாகவும் தகடாகவும் வந்தால் அதற்குப் பெயர் எஸ்.எஸ். என்பதும், அதற்குள் சாதி சாதியாகப் பிரிவு உண்டு என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது.

முதலாளியை ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். நாங்களும் அப்படித்தான். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்: "எப்பிடித் தெரியும்?"

"அண்ணாச்சி, லோடு வந்துட்டு." எப்பிடித் தெரியும்? "டிரைவர் போன் பண்ணுனாரு." லோடப் பாத்தியா? "இல்ல." அப்ப லோடு வரல, போன்தான் வந்திருக்கு. இப்படித்தான் பேச்சு போகும். அவரோடு பேசப் போகுமுன் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போவோம்.

இரும்பைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவர்தான், அதையும் ஒரே மத்தியானத்தில் சொல்லி முடித்துவிட்டார். இரும்போடு குரோமியம் சேர்ந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டாகும். கீறினாலும் காற்றுப் பட்டால் தோல் திரும்ப வளர்ந்துவிடும். துரு உள்ளே போகாமல் காப்பது அந்தத் தோல்தான். முந்நூற்று நாலு என்ற ரகத்தில் குரோமியத்தோடு நிக்கலும் தாராளமாக இருக்கும். சமையல் பாத்திரம், பால் டேங்க், வெளிவாசல் கைப்பிடி எல்லாம் அதுதான். இருநூற்று ரெண்டில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். வலு உண்டு, பளபளப்பு உண்டு, வீட்டுக்குள்ளே இருந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. நனைகிற இடத்தில்தான் வண்டவாளம் வெளியே வரும். நானூற்று முப்பது நிக்கலே இல்லாதது. அதைக் காந்தம் பிடிக்கும். உப்புக் காற்றுக்கும் ஊறுகாய்த் தொட்டிக்கும் முந்நூற்றுப் பதினாறு. எங்கள் பக்கம் எலுமிச்சங்காய் ஊறுகாய் போடுகிறவர்கள் கேட்டு வந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும்.

சேர்ந்த மூன்றாம் வருடம் நான் ஒரு கூத்து அடித்தேன். எங்கள் கடைக்கு வருகிற பாதிப்பேர் சட்டைப் பையில் காந்தத்தோடுதான் வருவார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்த்தி. ஊர் முழுக்க இதுதான் சட்டம். நானும் ஒரு காந்தத்தைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரித் திரிந்தேன். ஒரு நாள் வளைத்த பைப் ஒரு கட்டு வந்தது. வளைவில் காந்தம் லேசாகப் பிடித்தது. லாரியை விட்டு இறக்கவே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். சாயங்காலம் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் அனுப்புன?"

"மட்டம் அண்ணாச்சி."

"எப்பிடித் தெரியும்?"

"காந்தம் ஒட்டுச்சு."

"நல்ல முந்நூத்தி நாலையும் வளைச்சா அந்த எடத்துல கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும் பிள்ள. ஒட்டுனா மட்டம்ங்கிறது பொய். ஒட்டலன்னா உயர்த்திங்கிறது அதவிடப் பெரிய பொய். இருநூத்தி ரெண்டும் ஒட்டாதுல்லா?"

தலையாட்டினேன். முதல் பாதி மனதில் நின்றது, மானம் போன விஷயம் அல்லவா! இரண்டாவது பாதி ஒரு காதில் புகுந்து மறு காதில் போய்விட்டது. காந்தத்தைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றவும் இல்லை.

இதற்கு அடுத்து சொல்ல வேண்டியது எங்கள் பெயிண்ட் முறை. குழாய் வந்து இறங்கியதும் ஒரு முனையில் நிறம் அடிப்பேன். முந்நூற்று நாலுக்குப் பச்சை, இருநூற்று ரெண்டுக்குச் சிவப்பு. வெட்டுகிறவர் நிறமில்லாத முனையிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் கடைசித் துண்டு வரைக்கும் அதன் அடையாளம் கூடவே இருக்கும். நிறம் உள்ள முனையை முதலில் வெட்டிவிட்டால் மீதிக் குழாய் பெயர் வெட்டாத பாத்திரம் மாதிரி. யார் வீட்டுச் சொத்து என்று யாரும் சொல்ல முடியாது.

கட்டிங் மிஷினில் முருகையா இருந்தார். நல்ல கைத்திறன். ஒரு வீட்டு உள்படிக்கட்டுக்கு இருநூற்று ரெண்டு வெட்டும்போது, கட்டு தலைமாறிக் கிடந்ததால், சிவப்பு முனையிலிருந்தே வெட்டிவிட்டார். மிச்சத் துண்டு பத்து, நிறமில்லாமல் மூலை அலமாரிக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் ஐந்தருவி போகிற பாதையில் ஒரு விடுதிக்குக் கைப்பிடி வேலை வந்தது. ஓடைத் தண்ணீரைத் திருப்பி, உயரத்திலிருந்து விழுகிற மாதிரிக் குளிக்கிற இடம் கட்டியிருந்தார்கள். அதில் இறங்கும் படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. அதைத் தாங்கி நிற்க நாற்பத்திரண்டு கால். சாரல் தொடங்குமுன் முடித்தாக வேண்டும். கடைசி நாள் ஒன்பது கால் குறைந்தது. புது லோடு வர நாலு நாள் ஆகும்.

மூலை அலமாரியில் பத்துத் துண்டைப் பார்த்தேன். காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. பச்சை பெயிண்ட் டப்பாவை எடுத்தேன்.

"அக்கா, அது எந்தக் குழாய்ல உள்ளதுன்னு தெரியுமா?" என்று முருகையா கேட்டார்.

"காந்தம் ஒட்டல முருகையா. முந்நூத்தி நாலுதான்."

"எனக்கு நெனவில்ல. அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை..."

"அண்ணாச்சி வந்து 'எப்பிடித் தெரியும்'னு கேட்டு முடிக்கதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும். வெட்டுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பத்துக்கும் பச்சை அடித்தேன். ஒன்பது விடுதிக்குப் போனது. ஒன்று அலமாரியிலேயே நின்றது.

அடுத்த சீசனும் கழிந்து, அதற்கடுத்த சாரல் தொடங்கிய வாரத்தில் விடுதிக்காரர் போன் செய்தார். கைப்பிடியில் காவிக் கறை, ஆள் அனுப்பிப் பாலிஷ் போட வேண்டும் என்றார். அண்ணாச்சி ஆள் அனுப்பவில்லை. தானே கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார்.

படிக்கட்டில் ஒரு அம்மா பாசி பிடிக்காமல் இருக்கப் பிளீச்சிங் பவுடரைக் கோலப்பொடி மாதிரித் தூவிக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டு வேளை தூவுவார்களாம். அண்ணாச்சி முகம் சுருங்கியது. பிளீச்சிங் பவுடர் எஸ்.எஸ்.ஸுக்கு எமன். நல்ல ரகத்தையே கறையாக்கும். அவர் ஒரு காலின் அடியில் குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரால் கப்பை நெம்பித் தூக்கினார். கால் தரையில் சேருகிற இடத்தை மறைக்கத்தான் அந்த வட்ட மூடி. மேலே குழாய் கண்ணாடியாக மின்னுகிறது. கப்புக்கு அடியில், காற்றுப் போகாமல் பவுடர்த் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில், அப்பளமாகப் பொரிந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளேயே போய்விட்டது. பக்கத்துக் கால்களின் கப்பையும் தூக்கினார். அவற்றில் கறை மட்டும்தான்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது முந்நூத்தி நாலா பிள்ள?"

"ஆமா அண்ணாச்சி."

"எப்பிடித் தெரியும்?"

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பத்துத் துண்டு, பச்சை டப்பா, முருகையாவின் முகம் எல்லாம் கண்முன் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பச்சை அடிச்சிருந்துச்சு அண்ணாச்சி."

யார் அடித்தது என்று சொல்லாமல் மென்று விழுங்கினேன். அவர் விடுதிக்காரரிடம், பவுடரால் வந்த வினை, இந்த ஒரு காலை மட்டும் நாளைக்கு மாற்றித் தருகிறோம், இனிமேல் பவுடர் போடாதீர்கள் என்று சொன்னார். என் சொல்லை நம்பி அவர் அப்படிச் சொன்னார் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்ததும் நான் மூலை அலமாரிக்கு ஓடினேன். பத்தாவது துண்டு அங்கேதான் இருந்தது. என் கைப் பச்சை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. காலையில் எடுத்துத் தனியாக வைத்துவிடலாம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் தட்டை ஒதுக்கிவிட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் எட்டுக் கால் அந்தப் படியில் நிற்கிறது. எண்ணெய் தேய்த்த கையோடு பெண்களும் பிள்ளைகளும் அதைப் பிடித்துத்தான் இறங்குவார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அடித்துக்கொண்டது.

காலையில் முதல் பஸ்ஸில் வந்தேன். அலமாரியில் துண்டு இல்லை.

"முருகையா, இங்கன ஒரு பச்சைத் துண்டு நின்னுச்சே?"

"நான் எடுக்கலக்கா. வேன்காரங்க எடுத்திருப்பாங்க. விடியுமுன்ன மூணு சைட்டுக்கு லோடு போயிருக்குல்லா."

எந்த சைட் என்று துருவிக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். நேரே அண்ணாச்சி அறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, விடுதிக்குப் போன கால்ல பச்சை அடிச்சது நான்தான். மிச்சத் துண்டு. காந்தத்த வெச்சுப் பாத்துட்டு அடிச்சேன்."

அவர் கணக்கு நோட்டை மூடிவைத்தார்.

"எத்தனை?"

"ஒம்பது."

"ஒம்பதா?"

"ஒம்பது அண்ணாச்சி."

பத்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பத்தாவது எங்கே என்று கேட்பார். தெரியாது என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே கூனிக் குறுகி நிற்கிறேன், இன்னும் ஒரு படி இறங்க மனம் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ரகம் பார்ப்பதற்கென்று அவர் மட்டுமே கையாளுகிற சோதனைத் திரவம் இருந்த சின்னப் பாட்டிலையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு, "வா" என்றார்.

விடுதியில் அன்றைக்குக் கல்யாணக் கூட்டம். தண்ணீர் கொட்டுகிறது, படி முழுக்க ஆள்.

"எல்லாக் காலையும் சோதிக்கணும் முதலாளி. தண்ணிய அடைங்க" என்றார் அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி, சீசன் நேரத்துல வெளையாடுதியளா? நேத்துத்தான் ஒரு கால்னு சொன்னிய. பவுடருன்னு சொன்னிய."

"நேத்துச் சொன்னது தப்பு. என் பட்டறையில ரகம் மாறிப் போச்சு. தப்பு என் பேர்ல."

அத்தனை பேர் முன்னால் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடுதிக்காரர் அதற்கும் மசியவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், கம்பி ஆடாமல்தானே நிற்கிறது என்றார். அதற்குள் தலை வழிய எண்ணெய் தேய்த்த ஒரு அம்மா, கனத்த உடம்பு, நேற்று நாங்கள் பார்க்காத ஒரு கம்பிக் காலைப் பிடித்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே ஓடிப்போய்ப் படியின் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். சேலையெல்லாம் தண்ணீர்.

"யம்மா, கம்பியப் பிடிக்காதிய! யாரும் பிடிக்காதிய!"

அவள் பயந்துபோய்க் கையை எடுத்தாள். அண்ணாச்சி வந்து அவள் பிடித்திருந்த கம்பிக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். முருங்கைக் கொப்பு மாதிரி அடியோடு ஒடிந்து, மேல்குழாயில் தொங்கிக்கொண்டு ஆடியது. அந்த அம்மா அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். விடுதிக்காரர் மறு பேச்சுப் பேசாமல் தண்ணீரை அடைக்கச் சொன்னார்.

மத்தியானம் வரைக்கும் சோதித்தோம். குளிக்க வந்தவர்களின் எண்ணெய் குழாயெல்லாம் பூசியிருந்தது. எண்ணெய் மேல் திரவம் வேலை செய்யாது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும், சாரல் படாமல் நான் குடை பிடிக்க வேண்டும். அண்ணாச்சி ஒரு சொட்டு விடுவார். பேட்டரியின் ஒரு முனை குழாயில், மறு முனை சொட்டில். சொட்டு நிறம் மாறாமல் இருந்தால் நல்ல ரகம். சிவந்தால் இருநூற்று ரெண்டு. நாற்பத்திரண்டு முறை குடையைப் பிடித்தேன். ஒன்பது சொட்டு சிவந்தது. ஒன்பதையும் அறுத்தெடுத்து, மறுநாளைக்குள் மாற்றிவிட்டோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

திரும்பும் வழியில் அண்ணாச்சி ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "வேற ஒண்ணும் இல்லியே பிள்ள?"

"இல்ல அண்ணாச்சி."

அந்த வாரமே அவர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற மிஷின் ஒன்று வாங்கி வந்தார். இனிமேல் எந்தத் துண்டாக இருந்தாலும் இரண்டு முனையிலும் ரகத்தின் நம்பரை வெட்ட வேண்டும், பெயிண்டை மட்டும் நம்பக் கூடாது என்றார். அதே வாரம், மூட்டு வலி என்று சொல்லி, ஸ்டோருக்கும் அவர் அறைக்கும் நடுவில் உள்ள மூன்று படிக்கு ஒரு கைப்பிடியும் வைத்துக்கொண்டார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, வேறு இடத்துக்கு மாற்றவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் "எப்பிடித் தெரியும்" என்று அவர் கேட்டதே இல்லை. நான் சொன்னால் சரி என்று தலையாட்டுவார். எனக்கு அது கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்று காலை வேன் போன மூன்று சைட்டையும் அடுத்த சில மாதங்களில் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு இடத்தில் வீட்டுக்காரர்கள் என்னைத் திருட வந்தவள் என்று நினைத்தார்கள். குழாய் கிடைக்கவில்லை. அண்ணாச்சி மூட்டு மிகவும் மோசமாகி, பிறகு படுத்து, போய்ச் சேர்ந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

சுபா கூப்பிட்டதற்காகப் போன திங்கள்கிழமை பட்டறைக்குப் போனேன். எல்லாரும் மிஷினைச் சுற்றி நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் டிபன் பாக்ஸ் முந்நூற்று நாலு. ஒருவரின் வாட்ச் முந்நூற்றுப் பதினாறு. சுபா கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கிக்கொண்டே ஸ்டோர்ப் படிக்கு வந்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன்! நம்ம படிக் கைப்பிடி மேல்குழாயெல்லாம் முந்நூத்தி நாலு. இந்த நடுக் கால் மட்டும் இருநூத்தி ரெண்டுன்னு காட்டுது!"

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் குந்தினேன். சுபாவிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கிக் கப்பை நெம்பினேன். அடியில் பொட்டுத் துரு இல்லை. மழை எட்டாத இடம். புதுக் குழாய் மாதிரி இருந்தது. கப்பு மறைத்திருந்த இடத்தில் ஓரமாக ஒரு பச்சைக் கறை. அதற்குப் பக்கத்தில், பெயர் வெட்டுகிற மிஷினால், அண்ணாச்சியின் கோணல் எழுத்தில் இரண்டு வரி. மேலே 202. கீழே 10.

நான் பொய் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போன அந்தச் சாயங்காலமே அவர் அலமாரிக்குப் போயிருக்கிறார். துண்டை எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் நான் ஒன்பது என்று சொன்னபோது, பத்தாவது அவர் அறையில்தான் இருந்திருக்கிறது. இரண்டாம் முறை "ஒம்பதா?" என்று கேட்டது அதற்குத்தான். வண்டியில் கேட்டதும் அதற்குத்தான். நான் ஊர் ஊராகத் தேடிய குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் சாகும்வரை அந்தப் படி ஏறினார். நானும் ஓய்வு பெறுகிற நாள் வரை தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்? பிறகு தோன்றியது, அந்த ஒரு வார்த்தையைத்தானே அவரும் என்னிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி ரெண்டு சரிக்கா. கீழ பத்துன்னு போட்ருக்கே, அது என்ன?" என்றாள் சுபா.

அந்த நடுக் காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தேன். அது ஆடவில்லை.

"ஒம்பது இல்ல அண்ணாச்சி, பத்து" என்றேன்.